ஒன்பது மணிக்கு அணைந்த வீடு

1947-ஆம் வருஷத்து அந்தப் பிப்ரவரியில் லண்டன் தெருவில் குழந்தை வண்டியை ஒரு பெண் தள்ளிக்கொண்டு வந்தால், உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கரி எங்கே கிடைத்தது என்றுதான் கேட்பார்கள். போரில் ஜெயித்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ஜெயித்தவர்களுக்குக் கிடைத்த பரிசு முட்டளவு பனி, ரேஷன் ரொட்டி, காலி அடுப்பு. போதாததற்கு மின்சாரக் கட்டுப்பாடு வேறு. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, மதியம் இரண்டிலிருந்து நாலு வரை வீடுகளில் மின்சாரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் அபராதம்.

ஹெட்டி க்வில்லின் வண்டியிலும் கரிதான் இருந்தது. கிளர்க்கன்வெல்லில் மூடிக் கிடந்த ஒரு பியானோ கடையின் பக்கவாசலில் அவள் அந்த வண்டியை நிறுத்தியபோது மணி பதினொன்றரை. கதவைத் தட்டினாள். மெழுகுவர்த்தியும் கையுமாக ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்தாள்.

"கடை மூடி ஒரு வருஷம் ஆச்சும்மா. என்ன வேணும்?"

"வெள்ளைக் கட்டை மட்டும் இருக்கிற பியானோ ஒண்ணு வேணும்," என்றாள் ஹெட்டி. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

கதவைத் திறந்தவள் மார்ஜரி டன். வெளியே கேட்டால் கடைக்காரரின் மருமகள் என்பாள், உண்மையில் போலீஸ். அந்தக் கடையின் மாடியில் பெயர்ப் பலகை இல்லாத ஒரு போலீஸ் பிரிவு இருந்தது. துறையின் டெலிபோன் புத்தகத்தில்கூட அதற்கு இடம் கிடையாது. மொத்தமே ஐந்து பேர். ரேஷன் சாமான் ஏற்றிய லாரிகளை மடக்கிக் கள்ளச்சந்தைக்குக் கொண்டுபோகும் கும்பல்களுக்குள் ஆள் வைத்து, அவர்களைப் பிடிப்பதுதான் வேலை. அப்படி உள்ளே இருந்து சேதி சொல்பவர்களுக்குப் பிரிவில் 'காது' என்று பெயர். ஹெட்டி சொன்ன பியானோ வாக்கியம், காதுகளுக்கு உயிர் போகிற அவசரம் வந்தால் மட்டும் அவர்களோ வீட்டாரோ சொல்ல வேண்டியது. அதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை.

மாடியில் இன்ஸ்பெக்டர் கார்விக் ஓவர்கோட்டோடும் தொப்பியோடும் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயது. எவ்வளவு அவசரமானாலும் குரலை உயர்த்த மாட்டார். அதனாலேயே சிலருக்கு அவரைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

"உக்காருங்க மிசஸ் க்வில். உங்க புருஷன் பெர்சிக்கு என்ன ஆச்சு?"

"நீங்கதான் சொல்லணும் சார். உங்க ஆளுங்களா கூட்டிட்டுப் போனாங்க?"

"நான் யாரையும் அனுப்பலையே."

ஹெட்டி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கோர்வையாகவே சொன்னாள். காலை ஏழே முக்காலுக்குக் கரி வரிசையில் நிற்கப் போயிருக்கிறாள். பத்தே முக்காலுக்குத் திரும்பினால் வீடு பூட்டியிருந்தது, சாவி வழக்கமான தொட்டியின் கீழ். எதிர்வீட்டு அம்மாள் பத்து மணிக்குச் சற்று முன் ஜன்னலுக்கு வந்து, நடந்ததைப் பார்த்திருக்கிறாள். சரியாகப் பத்து மணிக்கு ஒரு சலவை வேன் வந்திருக்கிறது. பெர்சி கோட்டு, மஃப்ளர், தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிச் சாவியை வைத்துவிட்டு, தானாகவே வேனில் ஏறியிருக்கிறான்.

"டிரைவர்கிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சானாம் சார். ஓட்டினவன் மூக்கு உடைஞ்ச ஆளு, காதுல ஒரு துண்டு இல்லைன்னு சொன்னா. அது பீல்பி தம்பியோட ஆளுதானே? பெர்சி அவனப் பத்தி எங்கிட்ட சொல்லியிருக்கான்."

பீல்பி சகோதரர்கள் கும்பலில்தான் எட்டு மாதமாகப் பெர்சி லாரி ஓட்டினான். எட்டு மாதமாக அவன் கார்விக்கின் காது. போன நவம்பரில் அந்தக் கும்பல் இன்னொரு காதைக் கண்டுபிடித்தது. பகலில் அவனை ஒன்றும் செய்யவில்லை. இருட்டியதும் ஆற்றில் போட்டார்கள்.

"இன்னைக்கு எத்தனை மணிக்கு இருட்டும் மார்ஜரி?"

"அஞ்சு மணி சார். இந்தப் பனிமூட்டத்துக்கு அதுகூட இல்ல."

"அப்ப அஞ்சு மணி வரைக்கும் பெர்சி உயிரோட இருப்பான்," என்றார் கார்விக். ஹெட்டியிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. மறைத்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

மூவரும் ஹாக்ஸ்டனுக்கு நடந்தார்கள். பஸ்ஸைவிட நடை வேகமாக இருந்த நாட்கள் அவை. ஹெட்டி முன்னால் ஓட்டமாகப் போக, மார்ஜரி தாழ்ந்த குரலில், "தலைமையகத்துக்கு ஃபோன் பண்ணி நூறு பேரை இறக்கலாமே சார்?" என்றாள்.

"எங்க தேடச் சொல்றது? லண்டன் முழுக்கவா? நாம கதவத் தட்ட ஆரம்பிச்சது தெரிஞ்சா அஞ்சு மணிக்குப் பதிலா ஒரு மணிக்கே முடிச்சிடுவாங்க."

க்வில் வீட்டில் மார்ஜரி முதல் காரியமாக விளக்கைப் போட்டாள். எரியவில்லை.

"பன்னிரண்டரை ஆகப் போகுது. கரண்ட் வந்திருக்கணுமே," என்றாள்.

"எதிர்வீட்டுல எரியுது பாரு," என்றார் கார்விக். அவர் மாடிப்படிக்கு அடியிலிருந்த சின்ன அலமாரியைத் திறந்தார். மெயின் ஸ்விட்ச் கீழே இறக்கியிருந்தது. அதைத் தொடாமலேயே கதவை மூடினார்.

முன்னறையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள் இருந்தன. நல்ல பீங்கான். கணப்பு மேடையின் மேல் மின்சாரக் கடிகாரம். இரண்டு முள்ளும் அசையாமல் நின்றன. மணி ஒன்பது. ஒரு நிமிஷம்கூட முன்பின் இல்லை.

"இந்தக் கடிகாரம் சரியா ஓடுமா மிசஸ் க்வில்?"

"காலைல ரேடியோ வச்சு நான்தான் திருப்பினேன். கரண்ட் நின்னா இதுவும் நின்னுடும். மறுபடியும் கையால தள்ளிவிட்டாத்தான் ஓடும். தினம் ஒன்பது மணிக்கு மெயினை இறக்கறது நான்தான் சார். இன்னைக்கு நான் வீட்டுலயே இல்லையே."

"பெர்சி இறக்கியிருக்கலாமே?"

அவ்வளவு துக்கத்திலும் ஹெட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெர்சியா? நான் இறக்கிட்டு அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் ஏத்துவான். 'ஆறு வருஷம் எனக்குக் குண்டு போட்டாங்க, இப்ப ஹீட்டரையும் பிடுங்கறாங்களா'ம்பான். நான் போறப்போ ரெண்டு கம்பியும் செவக்கச் செவக்க எரிய, மேல கால நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தான்."

கார்விக் ஒரு கோப்பையைத் தூக்கினார். சாசரில் பழைய பஸ் டிக்கெட் ஒன்று, தேநீர்க் கறையோடு ஒட்டியிருந்தது. அதன் எதிரெதிர் மூலைகள் இரண்டும் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தன. மார்ஜரியின் முகம் வெளுத்தது. காது ஒன்றைச் சந்திக்க அதற்குரிய அதிகாரி போக முடியாமல் வேறொருவர் போக நேர்ந்தால், அடையாளமாகக் காட்டுவது அப்படி வெட்டிய டிக்கெட். அது பிரிவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"யாரோ நம்ம ஆளு சார்," என்று முணுமுணுத்தாள்.

"அதான் பெர்சி சிரிச்சுக்கிட்டே வேன்ல ஏறியிருக்கான். 'பத்து மணிக்கு நம்ம வேன் வரும், பீல்பி ஆளுதான் ஓட்டிட்டு வருவான், அவனும் இப்ப நம்ம காதுதான், பயப்படாம ஏறு'ன்னு ஒருத்தர் முன்னாடியே வந்து, டீ குடிச்சு, நம்ப வச்சிட்டுப் போயிருக்கார்."

ஹெட்டி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அவருக்கு நல்ல கோப்பை எடுத்து வச்சிருக்கான் பாருங்க. எங்க அம்மா வந்தாக்கூட அதை எடுக்க மாட்டான்," என்றாள்.

திரும்பும் வழியில் மார்ஜரிக்கு நாக்கு நிற்கவில்லை. நிற்காதுதான், அவளுக்கும் கார்விக்கிற்கும் போக மிச்சம் மூன்றே பேர். மூன்று பேரோடும் அவள் தினமும் ஒரே கெட்டிலில் தண்ணீர் சுட வைக்கிறாள்.

"ரூக்தான் சார். எனக்கு எப்பவுமே அவர் மேல ஒரு இது."

"ஒட்டக முடிக் கோட்டு போட்டிருக்கிறதாலயா?"

"ரேஷன் கூப்பன்ல வாங்கின கோட்டா சார் அது? தலைல எண்ணெய், விரல்ல மோதிரம்..."

"கள்ளச்சந்தைக்காரனா நடிக்கச் சொல்லி நான்தான் அனுப்பறேன். கிழிஞ்ச கோட்டோடயா போவார்? சரி, மூணு பேரும் காலைல எங்க இருந்தாங்க?"

மார்ஜரிக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் தலைகீழ்ப் பாடம். "பத்து மணிக்கு மூணு பேருமே நம்ம கண்ணு முன்னாடி மாடில இருந்தாங்க. ஒன்பது மணிக்குன்னு கேட்டா... சார்ஜென்ட் ரூக் சவரம் பண்ணிக்கிட்டிருந்தேன்னார். கான்ஸ்டபிள் ட்ரெவிட் எட்டுக்கு வந்து மாடியத் திறந்து ஹீட்டரப் போட்டுட்டு, வேன்ல ரேடியேட்டர் உறைஞ்சுபோச்சுன்னு கராஜுக்குப் போயிட்டாராம். சார்ஜென்ட் ஹேய்ல் பொண்ணுக்கு இருமல் மருந்து வாங்க டிஸ்பென்சரி வரிசைல நின்னாராம். எதுக்கும் சாட்சி கிடையாது."

"ஒன்பதரைக்கு நாம மாடிக்கு வந்தப்போ என்ன பாத்தோம்?"

"ஹீட்டர் எரிஞ்சுக்கிட்டிருந்துது. நீங்கதான் மெயினை இறக்கினீங்க. 'நம்மளையே பிடிச்சு அபராதம் போட்டுடுவாங்க'ன்னீங்க."

"வழக்கமா ஒன்பதரைக்கு வரும்போது?"

மார்ஜரி நடப்பதை நிறுத்திவிட்டாள். "அணைஞ்சிருக்கும். தினமும் அணைஞ்சிருக்கும் சார். இந்த ரெண்டு வாரத்துல இன்னைக்கு ஒருநாள்தான் எரிஞ்சுது."

"யாரு அணைக்கறாங்க?"

"தெரியாது சார். நான் கவனிச்சதே இல்ல. இருங்க, மூணு பேரையும் கேட்டுடலாம்..."

"கேட்டா, கேட்கிற காரணம் ஒருத்தருக்கு மட்டும் உடனே புரிஞ்சுபோகும். அப்புறம் அவர் வாயத் திறக்க மாட்டார்," என்றார் கார்விக். "ஒன்றே முக்காலுக்கு எல்லாரையும் மாடிக்கு வரச் சொல்லு. ஹீட்டர் நல்லா எரியட்டும், விளக்கும் எரியட்டும். ரெண்டு மணி அடிச்சா நீ எழுந்திருக்கக் கூடாது. கடிகாரத்தப் பாக்கக்கூடக் கூடாது."

மார்ஜரி அதைக் கேட்டுத் தலையாட்டினாள். முழுக்கப் புரிந்ததா என்பது வேறு விஷயம்.

ஒன்றே முக்காலுக்கு மாடியில் ஆறு பேர் இருந்தார்கள். ஹெட்டி மூலையில் ஒரு பியானோ ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பனிமூட்டம் ஜன்னலை அடைத்திருந்ததால் விளக்கு இல்லாமல் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. மெயின் ஸ்விட்ச் கதவுக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில் இருந்தது.

டென்சில் ரூக் மேஜை விளிம்பில் உட்கார்ந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான். கஸ் ட்ரெவிட் வந்ததும் வராததுமாகப் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையை ஹீட்டருக்குக் காட்டினான். அம்ப்ரோஸ் ஹேய்ல் நின்றுகொண்டிருந்தார். மூவரில் மூத்தவர், மனைவியை இழந்தவர். பாதி பிடித்த சிகரெட்டை அணைத்துத் தகர டப்பாவில் பத்திரப்படுத்துவார், பார்சல் கயிற்றை வெட்டாமல் முடிச்சவிழ்த்துச் சுருட்டி வைப்பார். அவர் இரைந்து பேசி யாரும் கேட்டதில்லை.

"பெர்சி க்வில்லைப் பீல்பி ஆளுங்க தூக்கிட்டாங்க," என்று ஆரம்பித்தார் கார்விக். "இது அவரோட சம்சாரம்."

ரூக் மேஜையிலிருந்து இறங்கினான். "அப்ப ஏன் சார் இங்க உக்காந்திருக்கோம்? பீல்பியோட கிளப்புக்குப் போய்ச் சட்டையைப் பிடிச்சா..."

"பிடிச்சா அவன் வக்கீலக் கூப்பிடுவான். உக்காரு. ரெண்டு மணிக்கு மேல எனக்கு ஒரு தகவல் வரும். வந்ததும் கிளம்பணும். கஸ், வண்டி ஓடுமா?"

"ஓடும் சார். தள்ளினா ஓடும்."

"உன்னைத் தள்ளினாக்கூடத்தான் ஓடுவ," என்றான் ரூக். "காலைத் தூரமா வை. அந்தக் காலுறை நாத்தத்துக்கு பீல்பியே சரண்டர் ஆயிடுவான்."

யாரும் சிரிக்கவில்லை. மூலையில் ஹெட்டி கைவிரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள்.

கார்விக் மூவரிடமும் பீல்பியின் கிடங்குகளைப் பற்றிக் கேட்டார். எத்தனை, எங்கே, எதற்குக் காவல் அதிகம். ரூக் நீட்டி முழக்கினான். ட்ரெவிட் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். ஹேய்ல் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகச் சொன்னார். மார்ஜரி தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துச் சர்ச்சில் இரண்டு அடித்தது.

ரூக் பேச்சை நிறுத்தவில்லை. ட்ரெவிட் காலை இன்னும் ஓர் அங்குலம் முன்னால் நகர்த்தினான். ஹேய்ல் ஹீட்டரைப் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார், கார்விக்கைப் பார்த்தார்.

"ஹேய்ல், அந்தக் கால்வாய்ப் பக்கத்துக் கிடங்கு பத்திச் சொல்லிக்கிட்டிருந்தீங்க," என்றார் கார்விக்.

"ஆமா சார். கால்வாய்ப் பக்கம்... அங்க ரெண்டு... ரெண்டு..." அவருக்கு வார்த்தை நழுவியது. ஹீட்டரின் சிவந்த கம்பிகளிலேயே கண் நின்றது. ஒரு நிமிஷம் பொறுத்தார். இரண்டாவது நிமிஷமும் பொறுத்தார். பிறகு, "மன்னிக்கணும் சார்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கதவுப் பக்கம் நடந்து, கையை உயர்த்தி மெயின் ஸ்விட்சை இறக்கினார்.

அறை இருண்டது. ஹீட்டரின் கம்பிகள் கொஞ்ச நேரம் மங்கலாகச் சிவந்திருந்துவிட்டு அணைந்தன.

"நன்றி, ஹேய்ல்," என்றது கார்விக்கின் குரல். "இன்னைக்கு இது உங்களுக்கு ரெண்டாவது தடவை."

மார்ஜரி மெழுகுவர்த்தியை ஏற்றினாள். வெளிச்சம் வந்தபோது ஹேய்லின் கை இன்னும் ஸ்விட்சின் மேலேயே இருந்தது.

"என்ன சார் சொல்றீங்க?" என்றான் ரூக். "பெரியவர் தினமும்தான் அணைக்கறார். தினம் ஒன்பது மணிக்கு நான் வந்து கையச் சூடு பண்ணலாம்னு பாத்தா இவர் வந்து அணைச்சிடுவார். சண்டையே போட்டிருக்கேன்."

"அதேதான். இன்னைக்கு ஒன்பது மணிக்கு இந்த அறைல மெயினை யாரும் இறக்கல. ஹாக்ஸ்டன்ல பெர்சி க்வில் வீட்டுல இறக்கியிருக்காங்க. சம்சாரம் வீட்டுல இல்ல. பெர்சி அத ஜென்மத்துக்கும் தொட மாட்டான். வேன்காரங்க வந்தது பத்து மணிக்கு. வீட்டுக் கடிகாரம் ஒன்பதுல நிக்குது. அப்ப ஒன்பதுக்கு அங்க இன்னொரு ஆள் இருந்திருக்கார். நம்ம டிக்கெட்டக் காட்டி, டீ குடிச்சுக்கிட்டிருந்தவர். மணி ஒன்பதானதும் அவருக்கு இருப்புக் கொள்ளல."

"என்னை மாதிரி எத்தனையோ பேர் அணைக்கறாங்க சார்," என்றார் ஹேய்ல். குரல் பழையபடி சாந்தமாகத்தான் இருந்தது. "சட்டம் அது."

"சட்டம்தான். ஆனா நம்ம டிக்கெட்டோட இருக்கிறவங்க எத்தனை பேர்? நீங்க டிஸ்பென்சரி வரிசைல நின்னதாச் சொன்னீங்க. டிஸ்பென்சரிக்கு ஆள் அனுப்பிக் கேக்கறதுக்கு எனக்கு அரைமணி ஆகும். அந்த அரைமணி என்னோடது இல்ல ஹேய்ல், பெர்சியோடது. அதனால கைய மட்டும் காட்டுங்க."

ஹேய்ல் காட்டவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லோருக்குமே தெரிந்தது. அவ்வளவு சுத்தமான மனிதரின் நகக்கண்ணில் கரி படிந்திருந்தது.

"ஜனவரியிலேர்ந்து நம்ம ஏரியாவுல ஒரு வீட்டுலயும் கரி இல்ல," என்றார் கார்விக். "இந்த அம்மா மூணு மணி நேரம் நின்னு ஒரு வண்டி வாங்கியிருக்காங்க. உங்களுக்குக் கரி யாரு கொடுத்தாங்க?"

ஹேய்ல் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"எம் பொண்ணு ஐவிக்கு நுரையீரல் சரியில்ல சார்," என்றார். "கிறிஸ்துமஸ் முடிஞ்சு ஆஸ்பத்திரிலேர்ந்து அனுப்பிட்டாங்க, படுக்கை இல்லைன்னு. வீட்டச் சூடா வச்சுக்கணும்னு எழுதிக் கொடுத்தாங்க. எதை வச்சு? நாற்காலியெல்லாம் உடைச்சு எரிச்சாச்சு. ஒருநாள் வாசல்ல ஒரு மூட்டை கிடந்துது. யாரு போட்டதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் உள்ள இழுத்தேன். ஒரே ஒரு மூட்டை சார். அடுத்த வாரம் ஒரு ஆளு வந்து, 'குழந்தை எப்படி இருக்கு'ன்னு கேட்டான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் மூட்டை வந்துக்கிட்டே இருந்துது, கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்."

"அப்ப இந்த ஸ்விட்சு?" என்று ட்ரெவிட் கத்தினான். காலுறையோடு எழுந்து நின்றான். "ஒரு மனுஷனைக் கொல்லக் கொடுத்துட்டு, அவன் வீட்டு ஹீட்டரையா போய் அணைச்ச?"

"ஐவி வார்டுல இருந்தப்போ ஒருநாள் ராத்திரி கரண்ட் போச்சு," என்றார் ஹேய்ல். "பக்கத்துக் கட்டில்ல மூச்சு இயந்திரத்துல வச்சிருந்த பையன் செத்துட்டான். நாம இங்க எரிக்கறது அங்க எங்கயோ குறையுது. மணி ஆனா என்னால உக்கார முடியல. பெர்சிகிட்டகூடக் கேட்டுட்டுத்தான் இறக்கினேன். 'உங்க இஷ்டம் சார்'ன்னான்."

ஹெட்டி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள். ரூக் தடுக்கப் போனான். கார்விக் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் ஹேய்லின் எதிரே பனி ஈரத்தோடு மண்டியிட்டாள்.

"எங்க இருக்கான்?" என்றாள். "உங்க பொண்ணு சூடா இருக்கா. எம் புருஷன் எங்க இருக்கான்?"

"கப்பல்ல ஏத்தி அனுப்பிடுவோம்னுதான் சொன்னாங்க..."

"நம்பினீங்களா?"

ஹேய்ல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "கால்வாய் ஓரம் பழைய பனிக்கட்டிக் கிடங்கு. பின்பக்கக் கதவு. ரெண்டு பேர் காவல்."

அதன்பின் நடந்தது வேகமாக நடந்தது. வேன் தள்ளாமலேயே கிளம்பியது. ரூக் அந்த ஒட்டக முடிக் கோட்டோடு கும்பலின் ஆள்போல முன்வாசலில் போய்க் காவல்காரர்களோடு சண்டையை இழுத்தான். ட்ரெவிட் வேனைப் பின்னோக்கி ஓட்டிப் பின்கதவை உடைத்தான். கார்விக் லாந்தரோடு உள்ளே இறங்கினார். தரைக்குக் கீழே, ஒரு காலத்தில் ஐஸ் அடுக்கிய குழியில், வைக்கோல் மேல் பெர்சி கட்டிப் போடப்பட்டிருந்தான். கோட்டு இல்லை, பூட்ஸ் இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சு வரவில்லை, ஆனால் கண் அசைந்தது. மணி மூன்றேகால்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். ஆள் பிழைத்துக்கொள்வான் என்றும் சொன்னார். ஹெட்டி விரல்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தாழ்வாரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் உதறியது. கார்விக் தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தினார்.

ஐந்து மணி சுமாருக்கு மார்ஜரி வந்தாள். ஹேய்லின் வீட்டைச் சோதனை போட அவளைத்தான் அனுப்பியிருந்தார். கண் சிவந்திருந்தது.

"சொல்லு," என்று நோட்டுப் புத்தகத்தை விரித்தார் கார்விக்.

"ரெண்டு அறை சார். குழந்தைக்கு ஒன்பது வயசு. கணப்பு எரியுது. பக்கத்து வீட்டம்மா பாத்துக்கறாங்க. அவ எங்கிட்ட, 'அப்பா லேட்டா வருவாரா'ன்னு கேட்டா." மார்ஜரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "குளியல் தொட்டி நிறையக் கரி சார். திருட்டுக் கரி, சாட்சிப் பொருள். எடுத்துட்டு வர வண்டி சொல்லட்டுமா?"

கார்விக்கின் பென்சில் நோட்டின் மேல் நின்றது. அவர் பதில் சொல்வதற்குள் பெஞ்சிலிருந்து ஹெட்டி பேசினாள்.

"அந்தக் கரி அங்கயே இருக்கட்டும்."

இருவரும் திரும்பினார்கள்.

"அவ எரிக்கட்டும். அவ என்ன பண்ணினா?" என்றாள் ஹெட்டி. கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு சார். அவரை நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் அந்த நோட்டுல எழுதிடாதீங்க. நான் மன்னிக்கல. எங்க வீட்டுக்கு வந்து, எங்க நல்ல கோப்பைல டீ குடிச்ச மனுஷன்."

"எழுத மாட்டேன், மிசஸ் க்வில்," என்றார் கார்விக்.

அவர் பென்சிலை நாக்கில் தொட்டு, குளியல் தொட்டி என்று எழுதி, பக்கத்தில் காலி என்று எழுதினார். பிறகு நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, பியானோ கடையின் பக்கவாசலுக்கு உள்ளே இழுத்து வைத்திருந்த ஹெட்டியின் கரி வண்டியை ஹாக்ஸ்டனுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி மார்ஜரியை அனுப்பினார்.